புளித்த பாலும் கைத்தொழிற் கரைப்பானும்

ஒரு பொருளைத் தன்னுள் ஏற்றுக் கரைத்து, வேண்டிய இடத்திற்குக் கொண்டுசென்று சேர்த்தபின், தான் ஆவியாகி அகன்றுவிடும் திரவத்தைக் கரைப்பான் என்று இரசாயன நூலார் கூறுவர். சுவருக்குப் பூசும் தீந்தையிலும், சப்பாத்தின் அடித்தோலை ஒட்டும் பசையிலும், அச்சுக்கூடத்து மையிலும் அது உண்டு. இயந்திர உறுப்புகளில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கை நீக்குவதும், பட்டாடையின் கறையைப் போக்குவதும் அதுவே. தீந்தை உலர்ந்தது என்கிறோம்; பசை இறுகியது என்கிறோம். உலர்ந்தபோதும் இறுகியபோதும் அங்கிருந்து நீங்கிய திரவம் எங்கே போயிற்று என்று நம்மில் எவரும் வினவுவதில்லை.

நேயர்களே, இந்த வினாவை எழுப்பாமையால் மனித குலம் அடைந்த துன்பங்கள் பல. அவ்வினாவுக்கு ஓரளவு நல்ல விடையாக வாய்த்திருக்கும் கரைப்பான் ஒன்றின் வரலாற்றையே இன்று கூற முனைகின்றேன். அதன் பெயர் எதயில் இலற்றேற்று. பெயர் நமக்குப் புதிதாயினும் அதன் மூலப்பொருள் நம் அடுக்களைக்குப் பழையது. பாலில் உறைமோர் இட்டுத் தயிராக்கும்போது தோன்றும் புளிப்பே அதன் தாய்ப்பொருள். இதன் அருமையை உணர வேண்டுமாயின், இதற்கு முன் ஆட்சி செலுத்திய கரைப்பான்களின் கதையை முதலில் அறிதல் வேண்டும்.

கைத்தொழிற் புரட்சியின் காலத்தில் பிரித்தானியாவின் நகரங்களுக்கு ஒளியூட்ட நிலக்கரியிலிருந்து வாயு எடுத்தனர். அத்தொழிலில் எஞ்சிய கரிய தாரை என்ன செய்வதென்று அறியாது திகைத்தனர். கிளாஸ்கோ நகரத்துச் சாள்ஸ் மக்கின்ரொஷ் என்பார், அத்தாரிலிருந்து வடித்த நெய் இரப்பரைக் கரைக்கவல்லது என்று கண்டு, இரு துணிகளுக்கிடையே அக்கரைசலைப் பூசி, 1823ஆம் ஆண்டில் மழைக்கோட்டுத் துணிக்குக் காப்புரிமை பெற்றார். இரண்டு ஆண்டுகளின் பின், 1825இல், இலண்டனில் மைக்கல் பரடே என்னும் பெருவிஞ்ஞானி விளக்கு வாயுவின் எண்ணெய்க் கழிவிலிருந்து பென்சீன் என்னும் திரவத்தைப் பிரித்தெடுத்தார். கழிவென்று கருதப்பட்டவை யாவும் செல்வமாயின. கரைப்பான் யுகம் இவ்வாறு தொடங்கியது.

அச்செல்வத்திற்கு விலை கொடுத்தோர் வேறு சிலர். இரப்பரைச் சூடேற்றாமலே பதப்படுத்துவதற்குக் காபன் இருசல்பைட்டு என்னும் திரவம் பயன்பட்டது. பரிஸ் மாநகரில் இத்தொழில் புரிந்தோரை ஆராய்ந்த ஒகஸ்தே தெல்பேக் என்னும் வைத்தியர், 1856ஆம் ஆண்டில் அவர்களுடைய நோயை விரித்தெழுதினார். தலைவலியும் உறக்கமின்மையும் முதலில் தோன்றின. பின்னர் அடங்காச் சினமும் சித்தப்பிரமையும் அவர்களைப் பற்றின. பித்துற்ற தொழிலாளர் ஆலையின் மேல்மாடியிலிருந்து கீழே குதித்த செய்தியை இங்கிலாந்தின் வைத்திய அறிஞர் தோமஸ் ஒலிவர் 1902இல் வெளியிட்ட நூலில் காண்கிறோம். ஆவியாகிப் போன திரவம் காற்றோடு கலந்து தொழிலாளியின் மூச்சில் புகுந்து அவன் மூளையைச் சென்றடைந்தது.

பென்சீனின் கதையும் இத்தகையதே. விரைவில் உலர்வதனாலும் எளிதிற் கிடைப்பதனாலும் பசைத்தொழிலில் அது பெரிதும் விரும்பப்பட்டது. துருக்கி நாட்டின் இஸ்தான்புல் நகரில், காற்றோட்டமற்ற சிறு அறைகளில் அமர்ந்து சப்பாத்துத் தைத்தோர் பென்சீன் கலந்த பசையையே நாள்தோறும் கையாண்டனர். முசாபர் அக்சோய் என்னும் வைத்தியர், 1967ஆம் ஆண்டுக்கும் 1973ஆம் ஆண்டுக்கும் இடையில், ஏறத்தாழ 28,500 பேர் ஈடுபட்டிருந்த அத்தொழிலில் 26 பேர் இரத்தப் புற்றுநோயாற் பீடிக்கப்பட்டதைக் கண்டு 1974இல் வெளியிட்டார். பென்சீன் எலும்பு மச்சையைத் தாக்கும் நஞ்சு என்பதை உலகு ஐயமற உணர்வதற்கு, பரடேயின் காலத்திலிருந்து ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு வேண்டியிருந்தது.

இவ்விடத்தில் வரலாறு நமக்குக் காட்டும் விந்தையொன்று உண்டு. பழைய கரைப்பானின் தீங்கு வெளிப்பட்டபோதெல்லாம் புதியதொன்று காவலனாகவே வந்தது. பென்சீனும் பெற்றோலிய நெய்களும் எளிதில் தீப்பற்றின, ஆலைகள் எரிந்தன. எனவே குளோரீன் சேர்ந்த, தீப்பற்றாத கரைப்பான்களைத் தேடினர். காபன் நாற்குளோரைட்டு வந்தது. அது ஈரலைக் கெடுத்தது. அதனிலும் நல்லதென முக்குளோரோ எதிலீன் வந்தது. 1920ஆம் ஆண்டுகள் தொட்டு உலோகப் பிசுக்கை நீக்கும் தொழிலில் அது முதலிடம் பெற்றது. அதன்மீது மக்கள் கொண்டிருந்த நம்பிக்கையை என்னென்பது! மகப்பேற்று வேதனையைத் தணிக்கும் மயக்கமருந்தாகப் பிரித்தானிய வைத்தியர்கள் அதனைத் தாய்மாருக்கு அளித்தனர். கோப்பியிலிருந்து கபேயின் சத்தை நீக்குவதற்கும் அதுவே பயன்பட்டது.

அந்நம்பிக்கை நிலைக்கவில்லை. முக்குளோரோ எதிலீன் நீரினும் பாரமானது. ஆலைக்குப் பின்புறத்தில் நிலத்தில் ஊற்றப்பட்டால் அதில் ஒரு பகுதி மண்ணூடே இறங்கி நிலத்தடி நீரினும் ஆழத்தில் தங்கி, பல்லாண்டுகள் சிறிது சிறிதாகக் கரைந்து கிணறுகளை அடையும். 1979ஆம் ஆண்டு மே மாதம், அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்து வூபேண் நகரில் இரு பொதுக் கிணறுகள் இக்காரணத்தால் மூடப்பட்டன. அவ்வூர்ச் சிறுவரிடையே இரத்தப் புற்றுநோய் வழக்கத்திற்கு மாறாகப் பெருகியிருந்தது. கருவுற்றிருந்த காலத்தில் அக்கிணற்று நீரைப் பருகிய தாய்மாரின் பிள்ளைகளுக்கு அந்நோய் வரும் வாய்ப்பு மிக்கிருந்ததைப் பின்னர் அம்மாநிலச் சுகாதாரப் பகுதி ஆராய்ந்து கூறியது. சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளூடே மழைநீர் நேரே கீழிறங்கும் யாழ்ப்பாணக் குடாநாட்டில், கிணற்றையே நம்பி வாழ்வோர்க்கு இச்செய்தியின் பொருளை விளக்க வேண்டியதில்லை. 2012ஆம் ஆண்டில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிலையம் முக்குளோரோ எதிலீனை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள்களின் வரிசையில் வைத்தது. 2024 திசம்பரில் அமெரிக்கச் சூழற் பாதுகாப்பு நிறுவனம், சில உபயோகங்களுக்குக் கால அவகாசம் அளித்து, அதனைத் தடைசெய்யும் விதியை வெளியிட்டது.

அடுத்து வந்த காவலன் குளோரோபுளோரோ காபன். இது தீப்பற்றாது, முகர்ந்தோரை எளிதில் வருத்தாது, இலத்திரனியற் சுற்றுப் பலகைகளைத் துப்புரவு செய்வதற்கு இதனினும் சிறந்த பொருள் இல்லையென்று எண்ணினர். ஆயின் இதுவும் ஆவியாகி ஓரிடம் சென்றது. எதனோடும் எளிதிற் சேராத அதன் நற்குணமே தீக்குணமாகி, அழியாது மேலெழுந்து வளிமண்டலத்தின் உயர்ந்த அடுக்கை எய்தி, அங்குள்ள ஓசோன் படையை அரித்தது. மொலினா, ரோலன்ட் என்னும் இரு விஞ்ஞானிகள் 1974இல் இதனை முன்னறிவித்தனர். அந்தாட்டிக்காவின் மேல் ஓசோன் பெரிதும் குன்றியிருப்பதைப் பிரித்தானிய ஆய்வாளர் 1985இல் வெளியிட்டனர். 1987 செத்தெம்பரில் மொன்றியல் உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. இலங்கை 1989இல் அதில் இணைந்தது.

ஒவ்வொரு தலைமுறையும் தன் கண்ணுக்குப் புலனான தீங்கொன்றையே நீக்கியது. புலனாகாததை அடுத்த தலைமுறைக்கு விட்டுச் சென்றது. தீயை நீக்கியோர் கிணற்றை நினைத்திலர். தொழிலாளியின் சுவாசத்தைக் காத்தோர் வானத்தை நினைத்திலர்.

இனிப் புளித்த பாலின் வரலாற்றுக்கு வருவோம். சுவீடன் நாட்டில் ஷியோப்பிங் என்னும் சிற்றூரில் மருந்துக்கடை நடத்திய கார்ல் வில்கெல்ம் ஷீலே, 1780ஆம் ஆண்டில் புளித்த பாலிலிருந்து ஓர் அமிலத்தைப் பிரித்தெடுத்தார். பாலின் பெயரால் அது இலற்றிக்கமிலம் எனப்பட்டது. பாலில் அது இயல்பாகவே உள்ள பொருள் என்றே அக்காலத்தார் நினைத்தனர். 1857இல், பிரான்சின் லீல் நகரப் பல்கலைக்கழகப் பகுதியில் தலைவராயிருந்த லூயி பாஸ்ரர், புளிப்பு நுண்ணுயிர்களின் செயலால் விளைவது என்று நிறுவினார். நுண்ணுயிரே அமிலத்தை ஆக்குகின்றதாயின், அந்நுண்ணுயிருக்கு உணவூட்டி அமிலத்தை வேண்டிய அளவு பெறலாமன்றோ?

அம்முயற்சியில் இறங்கியவர் சாள்ஸ் ஏவரி என்னும் அமெரிக்கர். 1881ஆம் ஆண்டில் மசாசூசெற்ஸ் மாநிலத்து லிற்றில்ரனில் அவர் ஆலையொன்றைத் தொடங்கினார். வெதுப்பக மாவைப் பொங்கச் செய்யும் தூளில், திராட்சை மதுவின் வண்டலிலிருந்து கிடைக்கும் உப்புக்குப் பதிலாக இலற்றிக்கமிலத்தின் உப்பை இடலாம் என்பது அவர் எண்ணம். அவ்வெண்ணம் ஈடேறவில்லை. எனினும் தோல் பதனிடுவோரும் துணிக்குச் சாயமிடுவோரும் பின்னர் அவ்வமிலத்தை நாடினர். 1930ஆம் ஆண்டுகளில் பாலாடைக்கட்டி செய்தபின் எஞ்சும் நீரிலிருந்தும் அமெரிக்காவில் அதனை ஆக்கினர். வூபேணின் கிணறுகள் கெட்ட அதே மாநிலத்தில், அதற்கு ஒரு நூற்றாண்டு முன்னரே, நற்கரைப்பானுக்கு வேண்டிய மூலப்பொருள் ஆலையில் உற்பத்தியாயிற்று என்பது எண்ணிப் பார்த்தற்குரியது.

இலற்றிக்கமிலத்தையும் எதயில் மதுசாரத்தையும் ஒன்றுசேர்த்தாற் பிறப்பது எதயில் இலற்றேற்று. அமிலம் மாப்பொருளிலிருந்து கிடைக்கும் வெல்லத்தை நொதிக்கவைத்துப் பெறுவது. மதுசாரமும் நொதித்தலாற் பெறத்தக்கதே. எனவே இக்கரைப்பான் முழுவதும் வயலிலிருந்து வரக்கூடியது. நிறமற்றது, மென்மையான மணமுடையது, 154 பாகை சென்ரிகிரேட்டிற் கொதிப்பது, நீருடனும் பெரும்பாலான சேதனத் திரவங்களுடனும் ஒருங்கே கலப்பது. திராட்சை மதுவில் இது இயற்கையாகவே சிறிதளவு உண்டு. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே செலுலோசுப் பூச்சுகளைக் கரைப்பதற்கு இது உகந்ததென அறிந்திருந்தனர்.

அறிந்திருந்தும் ஏன் பரவவில்லை? விலையே தடையாயிற்று. நொதித்தலின்போது அமிலம் மிகுந்தால் அதனை ஆக்கும் நுண்ணுயிரே வாழவியலாது. அதனால் சுண்ணாம்பு இட்டு அமிலத்தை உப்பாக்குவர். பின்னர் அவ்வுப்பைச் சல்பூரிக்கமிலத்தோடு சேர்த்து அமிலத்தை மீட்பர். இவ்வாறு மீட்கும் ஒவ்வொரு தொன் அமிலத்துடனும் ஏறக்குறைய ஒரு தொன் சிப்சம் கழிவாக எஞ்சும். அமிலம் மதுசாரத்தோடு சேரும் கட்டத்தில் வேறோர் இடர் உண்டு. அங்கே கரைப்பானுடன் நீரும் பிறக்கின்றது. பிறந்த நீர் விளைபொருளை மீண்டும் அமிலமும் மதுசாரமுமாகப் பிரிக்கின்றது. முன்செல்லும் தாக்கமும் பின்செல்லும் தாக்கமும் சமநிலை எய்தி நின்றுவிட, உற்பத்தி பாதியிற் தேங்கும். நீரைக் கொதிக்கவைத்து அகற்றினாலோ எரிபொருட் செலவு மிகும்.

இச்சிக்கலுக்கு வழி கண்டோர் சிக்காகோ நகருக்கு அண்மையிலுள்ள ஆர்கோன் தேசிய ஆய்வுகூடத்தார். நீரை மாத்திரம் ஊடுருவ விட்டு, கரைப்பானை உள்ளேயே தடுத்து நிறுத்தும் மென்சவ்வுகளை அவர்கள் பயன்படுத்தினர். நீர் பிறக்கப் பிறக்க வெளியேறுதலால் பின்செல்லும் தாக்கத்திற்கு இடமில்லாது போயிற்று. சுண்ணாம்புக்குப் பதிலாக அமோனியாவைக் கொண்டு உப்பாக்கியதால், வெப்பத்தால் அமோனியாவைப் பிரித்து மீண்டும் பயன்படுத்தலாம். சிப்சக் குவியலும் இல்லை. உற்பத்திச் செலவு பாதியளவுக்குக் குறையக்கூடும் என மதிப்பிட்டனர். இம்முறைக்காக 1998ஆம் ஆண்டில் அமெரிக்கச் சனாதிபதியின் பெயரால் வழங்கப்படும் பசுமை இரசாயனப் பரிசு அவ்வாய்வுகூடத்திற்குக் கிடைத்தது.

இதன் பயனை மெய்ப்பித்த களம் எது என்று நோக்குமிடத்து, நுண்சில்லுத் தொழிலையே முதலிற் கூறவேண்டும். கணனியின் உயிராகிய சிலிக்கன் சில்லின்மேல் ஒளியுணர் பூச்சொன்றைப் பூசியே மின்சுற்றின் வடிவத்தைப் பதிப்பர். அப்பூச்சைக் கரைப்பதற்கு நெடுங்காலம் கிளைக்கோல் ஈதர் வகைகள் பயன்பட்டன. தூசு அணுகாத வெண்ணிற அறைகளில், வெண்ணுடை தரித்து, இத்தொழிலைச் செய்தோருள் இளம்பெண்கள் மிகப் பலர். 1986இன் இறுதியில் மசாசூசெற்ஸ் ஆலையொன்றைப் பற்றிய ஆய்வு, சில பிரிவுகளிற் பணிபுரிந்த பெண்களுக்குக் கருச்சிதைவு ஏறத்தாழ இருமடங்காக இருப்பதை வெளிப்படுத்தியது. 1992இல் முடிவுற்ற பெரிய ஆய்வுகளும் கிளைக்கோல் ஈதர்களையே சுட்டின. தூசிலிருந்து சில்லைக் காத்த அறை, ஆவியிலிருந்து தாயைக் காக்கவில்லை. இதன் பின் அப்பூச்சுகளில் எதயில் இலற்றேற்றும் அதனையொத்த வேறு கரைப்பான்களும் இடம்பெற்றன.

இன்று உலோகத்தின் பிசுக்கை நீக்குவதற்கும், பழைய தீந்தையை உரிப்பதற்கும், அச்சு இயந்திரத்து மையைக் கழுவுவதற்கும் இது உதவுகின்றது. சில நாடுகளில் உணவுக்கு நறுமணமூட்டவும் இதனை அனுமதித்துள்ளனர். நிலத்திற் சிந்தினால், வந்த வழியே திரும்பி இலற்றிக்கமிலமும் மதுசாரமுமாகப் பிரியும். அவற்றை நுண்ணுயிர்கள் உண்டு, ஈற்றில் நீரும் காபனீரொட்சைட்டுமாக விடும். எங்கே போயிற்று என்னும் வினாவுக்கு இக்கரைப்பான் தரும் விடை இதுவே.

எனினும் இதனைக் குறையற்ற பொருளென்று போற்றுதல், முக்குளோரோ எதிலீனைப் போற்றியோரின் பிழையை நாமும் செய்வதாகும். இது தீப்பற்றக்கூடியது, 46 பாகை வெப்பத்திலேயே இதன் ஆவி சுடரை ஏற்கும். கண்ணிற் பட்டால் உறுத்தும். மெல்லவே உலர்வதால் விரைந்து உலரவேண்டிய பசைக்கும் பூச்சுக்கும் பொருந்தாது. இதன் பொருட்டு விளையும் சோளத்திற்கு நிலமும் நீரும் பசளையும் வேண்டும். உணவுக்கான தானியத்தை ஆலைக்கு அனுப்புதல் முறையோ என்ற கேள்வியும் எழாமல் இராது. பாலாடைக்கட்டி ஆலையின் கழிவுநீரிலிருந்து அமிலம் எடுத்த பழைய வழி, இவ்விடத்தில் மீண்டும் நம் நினைவுக்கு உரியது. எல்லா வேலைக்கும் ஒரே கரைப்பான் என்பதும் இல்லை. குளோரோபுளோரோ காபனைக் கைவிட்ட இலத்திரனியல் ஆலைகள் சிலவற்றில் தோடம்பழத் தோலின் எண்ணெயும், சிலவற்றில் வெறும் நீரும் சவர்க்காரமுமே போதியனவாயின. ஆகவே இதனைச் சூழலுக்கு நண்பன் என்னாது, முன்னவற்றினும் நட்புடையது என்று அளந்து கூறுதலே தகும்.

இவ்வரலாற்றைத் தொகுத்து நோக்குவோமாயின் ஓருண்மை புலப்படும். நற்பொருளை அறியாமையால் மாத்திரம் மனிதர் தீப்பொருளைக் கையாளவில்லை. ஷீலேயின் அமிலம் இருந்தது; ஏவரியின் ஆலை இருந்தது; கரைப்பானின் குணங்களும் தெரிந்திருந்தன. ஆயினும் அது விலை மிக்கது என்றனர். மலிவென்று கருதப்பட்ட திரவத்தின் விலைச்சீட்டிலோ, பரிஸ் தொழிலாளியின் சித்தமும், இஸ்தான்புல் சப்பாத்துத் தொழிலாளியின் இரத்தமும், வூபேண் சிறுவனின் உயிரும், நுண்சில்லு ஆலைப் பெண்ணின் கருவும் எழுதப்படவில்லை. அக்கணக்கு ஆலையின் பேரேட்டில் ஏறாமல், வைத்தியசாலையிலும் வீட்டிலும் தீர்க்கப்பட்டது. சட்டமும் உடன்படிக்கைகளும் அச்செலவில் ஒரு பகுதியையாவது உரியவர் கணக்கில் ஏற்றிய பின்னரே, விலை மிக்கதென ஒதுக்கப்பட்ட பொருளுக்குச் சந்தையில் இடம் கிடைத்தது.

கூட்டற் கணக்கில் ஓர் எண்ணை விட்டுவிட்டு விடை சரியென்று காட்டும் மாணவனை நாம் திருத்துகிறோம். நாடுகளும் ஆலைகளும் நெடுங்காலம் செய்துவந்த தவறு இதுவே. இனி ஒரு புதிய கரைப்பானைக் கொணர்ந்து, இது நல்லது, மலிவானது என்று எவரேனும் கூறுவாராயின் மூன்று வினாக்களை நாம் கேட்போமாக. இஃது எதிலிருந்து வந்தது? இதனைக் கையாள்வோர் எதனைச் சுவாசிப்பர்? வேலை முடிந்தபின் இஃது எங்கே போகும்? இவற்றுக்குத் தக்க விடை வருமளவும், பொருள் மறைந்துவிட்டது என்னும் கூற்றை நாம் ஏற்றுக்கொள்ளலாகாது.